சங்குப்பூச் சாற்றின் ஆக்சிசனேற்ற எதிர்ப்புப் பண்பு

சங்குப்பூச் சாற்றின் ஆக்சிசனேற்ற எதிர்ப்புப் பண்பு என்பது, சங்குப்பூக் கொடியின் இதழ், இலை, வேர் முதலிய பகுதிகளிலிருந்து நீர், எத்தனால் போன்ற கரைப்பான்களின் உதவியால் பிரித்தெடுக்கப்படும் சாறு, பிற பொருட்கள் ஆக்சிசனேற்றம் அடைவதைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும் திறனைக் குறிக்கும். சங்குப்பூ பட்டாணிக் குடும்பமாகிய பபேசியேயைச் சேர்ந்த ஒரு பல்லாண்டுக் கொடியாகும். இதன் தாவரவியற் பெயர் கிளிட்டோரியா டெர்னேட்டியா. இதழ்களின் ஆழ்ந்த நீல நிறத்துக்குக் காரணமான டெர்னேட்டின்கள் என்னும் ஆந்தோசயனின் நிறமிகளும், அவற்றுடன் காணப்படும் பிளாவனால்களும் இப்பண்புக்கு முதன்மையான காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இப்பண்பு ஆய்வுக்குழாயிலும் சில உணவுப் பொருட்களிலும் காட்டப்பட்டுள்ளது. ஆயினும், சங்குப்பூத் தேநீர் அருந்துவதால் நீரிழிவு, புற்றுநோய், மறதி முதலியவை தடுக்கப்படும் என்று விற்பனையாளர்கள் கூறுவதற்கு இது சான்றாகாது. ஆய்வுக்குழாயில் பெறப்படும் ஓர் எண்ணுக்கும் மனித உடலில் நிகழும் ஒரு விளைவுக்கும் இடையே பல படிகள் உள்ளன. அவற்றுள் சில மட்டுமே இத்தாவரத்தைப் பொறுத்தவரை ஆராயப்பட்டுள்ளன.

தாவரமும் பெயர்களும்

சங்குப்பூவுக்குக் காக்கணம், காக்கட்டான், கருவிளை ஆகிய பெயர்களும் தமிழில் உண்டு. சங்க இலக்கியமான குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் கருவிளை, செருவிளை என இரு பெயர்கள் வருகின்றன. முன்னது நீலச் சங்குப்பூவையும் பின்னது வெண்ணிறச் சங்குப்பூவையும் குறிப்பதாகக் கொள்வர். லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இத்தாவரத்துக்குத் தாவரவியற் பெயரிட்டார். டெர்னேட்டியா என்னும் சொல் இந்தோனேசியாவின் டெர்னேட் தீவின் பெயரிலிருந்து வந்தது. அச்சொல்லிலிருந்தே இதழ் நிறமிகளுக்கு டெர்னேட்டின் என்னும் பெயர் அமைந்தது.

பிற பட்டாணிக் குடும்பத் தாவரங்களைப் போலவே இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைநிறுத்துகின்றன. தாய்லாந்தில் இம்மலர் அஞ்சன் எனப்படுகிறது. அங்கு இதன் நீரூறலில் எலுமிச்சைச் சாறும் இனிப்பும் சேர்த்துப் பருகுவர். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் நாசி கெராபு என்னும் சோற்று உணவுக்கு இம்மலரே நீல நிறம் தருகிறது. தமிழ்நாட்டில் இது வேலிக்கொடியாகவும் பூசைக்குரிய மலராகவும் அறியப்பட்டிருந்தது. உணவில் நிறம் சேர்க்க இதைப் பயன்படுத்தும் வழக்கம் பெரிதும் தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியதாகும்.

இதழ் நிறமிகளின் வேதியியல்

ஆந்தோசயனின்கள் கத்தரிக்காய்த் தோல், நாவற்பழம், கருந்திராட்சை முதலியவற்றுக்கு நிறம் தரும் சேர்மங்களாகும். இவற்றுள் பெரும்பாலானவை நலிந்தவை. நடுநிலை நீரில் நீர் மூலக்கூறுகள் நிறமியின் மைய வளையத்தைத் தாக்குவதால் நிறம் விரைவில் மங்கிவிடும். சங்குப்பூவின் நீலம் அவ்வாறு எளிதில் மங்குவதில்லை. இதன் காரணத்தை ஜப்பானிய வேதியியலாளர்கள் 1980களின் இறுதியிலும் 1990களிலும் டெர்னேட்டின்களின் கட்டமைப்பைத் தீர்மானித்தபோது கண்டறிந்தனர்.

டெர்னேட்டின்கள் அனைத்தும் டெல்பினிடின் என்னும் அடிப்படை மூலக்கூறிலிருந்து உருவானவை. அவற்றுள் மிகப் பெரியதான டெர்னேட்டின் ஏ1 இல் ஒரு டெல்பினிடினுடன் 7 குளுக்கோசு அலகுகளும், 4 பாரா-கூமாரிக் அமில அலகுகளும், 1 மலோனிக் அமில அலகும் இணைந்துள்ளன. இதன் மூலக்கூற்று நிறை 2100 அளவினது. சாதாரண ஆந்தோசயனின் ஒன்றின் நிறை 450 முதல் 600 வரையில் இருக்கும். டெல்பினிடினின் இரு பக்கங்களிலிருந்தும் நீளும் சங்கிலிகளில் உள்ள கூமாரிக் அமில வளையங்கள் மடிந்து, மைய வளையத்தின் மேலும் கீழும் அடுக்காகப் படிகின்றன. இவ்வடுக்கு நீர் மூலக்கூறுகள் மையத்தை அணுகாமல் மறைக்கிறது. நிறத்தை நீலத்தின் பக்கம் நகர்த்துவதும் இதுவே.

இவ்விடத்தில் ஒரு முரண் உள்ளது. ஒரு பிளாவனாய்டின் ஆக்சிசனேற்ற எதிர்ப்புத் திறன் பெரும்பாலும் அதன் பி வளையத்தில் அடுத்தடுத்து அமையும் கட்டற்ற ஐதராக்சில் தொகுதிகளைப் பொறுத்தது. டெல்பினிடினில் அத்தகைய தொகுதிகள் மூன்று உள்ளன. ஆகவே தனி டெல்பினிடின் வலிமையான எலக்ட்ரான் வழங்கியாகும். டெர்னேட்டின்களிலோ அம்மூன்றில் இரண்டு சர்க்கரைச் சங்கிலிகளால் மூடப்பட்டுள்ளன. நிறத்துக்கு நிலைப்புத் தரும் அதே அமைப்பு எலக்ட்ரான் வழங்கும் திறனைக் குறைக்கிறது. நிறம் ஆழமாக இருப்பதால் ஆக்சிசனேற்ற எதிர்ப்பும் மிகுதி என்று கருதுவது பரவலான வழக்கமெனினும், சங்குப்பூவுக்கு அது பொருந்துவதில்லை.

இதழ்களில் டெர்னேட்டின்களைத் தவிர கேம்ப்பெரால், குவெர்செட்டின், மிரிசெட்டின் ஆகிய பிளாவனால்களின் கிளைக்கோசைடுகளும் உள்ளன. இவை நிறமற்றவை அல்லது வெளிர்மஞ்சள் நிறத்தவை. வெவ்வேறு நிறமுடைய சங்குப்பூ வகைகளை ஒப்பிட்டு 2003 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, வெண்ணிற மலரில் ஆந்தோசயனின்கள் இல்லை, ஆனால் பிளாவனால்கள் உண்டு. இளஊதா நிற மலரில் டெல்பினிடின் இருந்தும் அதன் பக்கச் சங்கிலிகள் அமையவில்லை. ஆகவே வெள்ளைச் சங்குப்பூவின் சாற்றில் ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களே இல்லை என்பதும் தவறாகும்.

நிறமியின் நிறம் கரைசலின் அமிலத்தன்மைக்கு ஏற்ப மாறும். வலிய அமிலத்தில் சிவப்பாகவும், மென்னமிலத்தில் ஊதாவாகவும், நடுநிலையில் நீலமாகவும், காரத்தில் பச்சையாகவும், வலிய காரத்தில் மஞ்சளாகவும் தோன்றும். எலுமிச்சை பிழிந்தவுடன் நீலத் தேநீர் ஊதாவாவது இதனாலேயே. பள்ளி ஆய்வுக்கூடங்களில் பாசிச்சாயத் தாளுக்கு மாற்றாக இம்மலரின் நீரூறலைப் பயன்படுத்தலாம்.

ஆய்வுக்குழாயில் அளவிடும் முறைகள்

ஆக்சிசனேற்றம் என்பது ஒரு மூலக்கூறு எலக்ட்ரானை இழத்தலாகும். இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு அல்லது அணு தனி உறுப்பு எனப்படும். அது அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, அதனையும் தனி உறுப்பாக்கி, ஒரு தொடர்வினையைத் தோற்றுவிக்கக்கூடும். எண்ணெய் காறிப்போவது இத்தகைய தொடர்வினையே. ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருள் தன் எலக்ட்ரானையோ ஐதரசன் அணுவையோ கொடுத்துத் தொடரை நிறுத்துகிறது. அவ்வாறு கொடுத்தபின் அதுவும் தனி உறுப்பாகவே மாறினாலும், வினைபுரியும் வேகம் மிகக் குறைந்ததாக இருப்பதால் தொடர் முறிந்துவிடுகிறது.

தாவரச் சாறுகளைச் சோதிக்க மிகுதியாகக் கையாளப்படுவது டி.பி.பி.எச். முறையாகும். டி.பி.பி.எச். என்பது நிலையான, ஆழ்ந்த ஊதா நிறமுடைய ஒரு செயற்கைத் தனி உறுப்பு. எலக்ட்ரானைப் பெற்றவுடன் இதன் ஊதா நிறம் மறைந்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்படுவது எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு சாற்றின் திறன் கணிக்கப்படுகிறது. தனி உறுப்புகளில் பாதியை நீக்கத் தேவையான செறிவு ஐ.சி.50 எனப்படும். இவ்வெண் சிறிதாக இருந்தால் சாறு வலியது என்று பொருள். பட்டியல்களைப் படிப்போர் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது உண்டு.

சங்குப்பூ இதழ்ச் சாற்றைக் குறித்து 2009 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நீரில் எடுத்த சாற்றின் ஐ.சி.50 மதிப்பு மில்லிலீட்டருக்கு 1 மில்லிகிராம் எனவும், எத்தனாலில் எடுத்த சாற்றினது 4 மில்லிகிராம் எனவும் கண்டறியப்பட்டது. அதாவது, நீர்ச்சாறு எத்தனால் சாற்றைவிட வலியதாக இருந்தது. தேநீராக அருந்துவோர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆனால் அதே வகைச் சோதனையில் உயிர்ச்சத்து சியின் ஐ.சி.50 வழக்கமாக மில்லிலீட்டருக்குச் சில மைக்ரோகிராம்கள் முதல் சில பத்து மைக்ரோகிராம்கள் வரையே இருக்கும். ஆகவே எடைக்கு எடை நோக்கினால் நீர்ச்சாறு உயிர்ச்சத்து சியைவிடப் பல பத்து மடங்கு முதல் பல நூறு மடங்கு வரை வலிமை குறைந்தது. அவ்வாய்வாளர்கள் நீர்ச்சாற்றைக் கண்ணைச் சுற்றிப் பூசும் களிம்பு ஒன்றிலும் சேர்த்துப் பார்த்தனர். களிம்பில் திறன் நிலைத்திருந்தது. எனினும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட விற்பனைக் களிம்பைவிட அது குறிப்பிடத்தக்க அளவு குறைவாகவே இருந்தது. இவ்வாய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் இரண்டாம் பாதியோ பெரும்பாலும் விடப்படுகிறது.

வேறு சில முறைகளும் உள்ளன. எப்.ஆர்.ஏ.பி. முறை இரும்பின் பெரிக் அயனி பெரசு அயனியாகக் குறைக்கப்படுவதை அளவிடுகிறது. ஏ.பி.டி.எசு. முறையில் நீலப்பச்சை நிறத் தனி உறுப்பு ஒன்று நிறமிழக்கும். ஓ.ஆர்.ஏ.சி. முறை ஒளிரும் சாயம் ஒன்று அழிவதைத் தாமதப்படுத்தும் நேரத்தைக் கணக்கிடுகிறது. போலின்-சியோகால்டியூ முறை மொத்தப் பீனால்களை அளவிடுவதாகக் கூறப்பட்டாலும், அதன் வினைப்பொருள் உயிர்ச்சத்து சி, ஒடுக்கும் சர்க்கரைகள், சில புரதங்கள் ஆகியவற்றோடும் வினைபுரியும். ஒரு முறையில் முதலிடம் பெறும் சாறு வேறொரு முறையில் பின்தங்குவது வழக்கமானதே.

சங்குப்பூவின் நிறமே அளவீட்டுக்கு இடையூறு செய்கிறது. டி.பி.பி.எச். முறையும் எப்.ஆர்.ஏ.பி. முறையும் நிறமாற்றத்தையே அளவாகக் கொள்கின்றன. எப்.ஆர்.ஏ.பி. வினையின் விளைபொருள் 593 நானோமீட்டரில் அளவிடப்படும் ஒரு நீலச் சேர்மமாகும். சோதிக்கப்படும் சாறும் அமிலத்தன்மைக்கு ஏற்ப ஏறத்தாழ அதே பகுதியில் ஒளியை உறிஞ்சுகிறது. வினைப்பொருள் சேர்க்காத சாற்றைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால், எப்.ஆர்.ஏ.பி. முறையில் திறன் உள்ளதைவிட மிகுதியாகவும், டி.பி.பி.எச். முறையில் உள்ளதைவிடக் குறைவாகவும் தோன்றும். 734 நானோமீட்டரில் அளவிடப்படும் ஏ.பி.டி.எசு. முறையில் இச்சிக்கல் குறைவு. மேலும் டி.பி.பி.எச். மூலக்கூறின் இணையற்ற எலக்ட்ரான் மூன்று பெரிய வளையங்களுக்கு நடுவே மறைந்துள்ளது. டெர்னேட்டின் போன்ற பருத்த மூலக்கூறுகள் அதனை எளிதில் அணுக இயலாது. எனவே இரு வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது, எந்த முறை, எந்தக் கரைப்பான், உலர்ந்த மலரின் எடையா உலர்ந்த சாற்றின் எடையா என்பவற்றை முதலில் நோக்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் வேளாண்மைத் துறை உணவுப் பொருட்களின் ஓ.ஆர்.ஏ.சி. மதிப்புகளைப் பட்டியலாக வெளியிட்டு வந்தது. அம்மதிப்புகளுக்கும் உடலில் ஏற்படும் விளைவுகளுக்கும் தொடர்பு இல்லை என்பதையும், நிறுவனங்கள் அவற்றை விளம்பரங்களில் தவறாகப் பயன்படுத்துவதையும் காரணம் காட்டி 2012 ஆம் ஆண்டில் அப்பட்டியலை அது நீக்கிவிட்டது.

உணவுப் பாதுகாப்பில் பயன்

ஆக்சிசனேற்ற எதிர்ப்புப் பண்பு தன் நேரடிப் பொருளில் செயற்படும் இடம் உணவே. உணவிலுள்ள கொழுப்பு காற்றோடு வினைபுரிந்து காறும்போது, அங்கு செரிமானமோ உட்கிரகித்தலோ குறுக்கிடுவதில்லை. தாய்லாந்தில் நடந்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வில் சமைத்த பன்றியிறைச்சி வில்லைகளில் சங்குப்பூச் சாறு 0.02 முதல் 0.16 சதவீதம் வரை சேர்க்கப்பட்டது. குளிர்ப்பதனத்தில் வைத்திருந்தபோது, சாறு சேர்த்தவற்றில் கொழுப்பு ஆக்சிசனேற்றம் சேர்க்காதவற்றைவிடக் குறைவாக இருந்தது. செயற்கைப் பாதுகாப்புப் பொருட்களுக்கு மாற்றுத் தேடுவோர் இத்தகைய முடிவுகளில் ஆர்வம் காட்டுகின்றனர்.

இதற்கும் வரம்பு உண்டு. டெர்னேட்டின்கள் நீரில் கரைபவை. தூய எண்ணெயில் அவை கரைவதில்லை. ஆகவே பொரிக்கும் எண்ணெயைக் காக்க இச்சாறு உதவாது. நீரும் கொழுப்பும் கலந்த இறைச்சி, பால்மம் போன்றவற்றிலேயே இது பயன்படும். நீலம் ஏறிய இறைச்சியை நுகர்வோர் விரும்புவார்களா என்பது வேறு கேள்வி.

உயிரணுக்களிலும் விலங்குகளிலும்

2014 இல் வெளியான ஆய்வொன்றில், நாயின் சிவப்பணுக்கள் தனி உறுப்புகளால் சிதைவதை இதழ்ச்சாறு குறைத்தது. சிவப்பணுச் சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால், இச்சோதனை டி.பி.பி.எச். முறையைவிட உயிரியலுக்கு ஒரு படி நெருங்கியதாகும். 2015 இல் வெளியான மற்றோர் ஆய்வு எலியின் பெருவிழுங்கி உயிரணுக்களைக் கொண்டு நடந்தது. அதில் டெர்னேட்டின்கள் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்கும் என்.எப்.-கப்பா பி என்னும் புரதம் உட்கருவுக்குள் செல்வதைத் தடுத்தன. பிளாவனால்களோ அழற்சியில் பங்கேற்கும் காக்சு-2 நொதியைத் தடுத்தன. இவ்விரண்டாம் முடிவு கவனத்துக்குரியது. தாவரப் பீனால்கள் உடலில் ஏதேனும் செய்யுமெனில், அது எலக்ட்ரானை நேரடியாக வழங்குவதால் அன்றி, உயிரணுவின் குறிகைப் பாதைகளை மாற்றுவதால் நிகழக்கூடும் என்னும் கருத்து 2000களுக்குப் பின் வலுப்பெற்றது. அவ்வாறாயின் ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருள் என்னும் பெயரே அவ்விளைவுக்குச் சரியான விளக்கமாகாது.

திருச்சிராப்பள்ளியில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், அல்லோக்சான் என்னும் நச்சு கொடுத்து நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இலை, மலர் ஆகியவற்றின் நீர்ச்சாறு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டது. அவற்றின் குருதிச் சர்க்கரை குறைந்தது. இவ்வகை முடிவுகளை வாசிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, அல்லோக்சான் கணையத்தின் பீட்டா உயிரணுக்களைத் தனி உறுப்புகளை உருவாக்கியே அழிக்கிறது. மனிதரில் பெரும்பான்மையாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு தோன்றும் வழி அதுவன்று. இரண்டாவது, அளவு. உடற்பரப்பின் அடிப்படையில் எலியின் அளவை மனிதருக்கு மாற்ற ஏறத்தாழ 6.2 ஆல் வகுப்பது வழக்கம். அவ்வாறு கணக்கிட்டால் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் உலர்ந்த சாறு தேவைப்படும். இது உலர்ந்த பூவின் எடையன்று, பூவிலிருந்து பிரித்து நீர் நீக்கிய சாற்றின் எடை. ஒரு கோப்பைத் தேநீரில் இடப்படும் சில பூக்களிலிருந்து இவ்வளவு கிடைப்பதில்லை.

மனிதரில் ஆய்வுகள்

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சிலவே. அவற்றுள் நன்கு அறியப்பட்டது தாய்லாந்து ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட குறுக்கு மாற்று ஆய்வாகும். நலமுள்ள 15 ஆண்கள் வெவ்வேறு நாட்களில், 50 கிராம் சர்க்கரையைத் தனியாகவும், 1 கிராம் அல்லது 2 கிராம் சங்குப்பூச் சாற்றோடு சேர்த்தும் பருகினர். சாறு சேர்ந்தபோது உணவுக்குப் பிந்திய குருதிச் சர்க்கரையும் இன்சுலினும் ஏறிய அளவு குறைந்தது. குருதி நீர்மத்தின் ஆக்சிசனேற்ற எதிர்ப்புத் திறனும் உயர்ந்தது. வெறும் வயிற்றில் சாற்றை மட்டும் பருகியபோது சர்க்கரை அளவு மாறவில்லை, எனினும் ஆக்சிசனேற்ற எதிர்ப்புத் திறன் உயர்ந்தது.

இம்முடிவு ஊக்கம் தருவதே. எனினும் இது நலமுள்ள ஆண்கள் 15 பேரிடம் சில மணி நேரம் மட்டும் கண்ட மாற்றமாகும். நீரிழிவு நோயாளர்களோ பெண்களோ முதியவர்களோ இதில் இல்லை. நெடுநாட் பயன்பாட்டின் விளைவையும் இது காட்டாது. நோய் வருவதையோ தணிவதையோ அளவிடும் ஆய்வு இதுவன்று.

குருதியில் ஆக்சிசனேற்ற எதிர்ப்புத் திறன் உயர்வதன் பொருளும் எளிதன்று. குருதி நீர்மத்தில் யூரிக் அமிலம் லீட்டருக்கு 200 முதல் 400 மைக்ரோமோல் வரையிலும், உயிர்ச்சத்து சி 30 முதல் 80 மைக்ரோமோல் வரையிலும் இயல்பாகவே உள்ளன. உணவின் வழியாக வரும் ஆந்தோசயனின்கள் மாறாத வடிவில் பெரும்பாலும் 0.1 மைக்ரோமோலுக்கும் குறைவாகவே குருதியில் காணப்படும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒரு பொருள் நேரடியாகத் தனி உறுப்புகளை அகற்றி மொத்தத் திறனை உயர்த்துவது கடினம். பிளாவனாய்டு மிகுந்த பழங்களை உண்டபின் காணப்படும் உயர்வுக்குப் பெரிதும் காரணம், பழச்சர்க்கரையால் யூரிக் அமிலம் கூடுவதே என 2006 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்புரை சுட்டிக்காட்டியது.

ஆந்தோசயனின்கள் உடலில் என்னவாகின்றன என்பதை ஆராய, 2013 இல் பிரித்தானியாவில் கார்பன்-13 ஓரிடத்தானால் குறியிட்ட சயனிடின் கிளைக்கோசைடை 8 ஆண்களுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தனர். சிதைபொருட்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது உடலுக்குள் சென்றது ஏறத்தாழ 12 சதவீதம். அதில் பெரும்பகுதி குடற் பாக்டீரியங்களாலும் கல்லீரலாலும் உடைக்கப்பட்ட சிறு பீனாலிக் அமிலங்களாகவே இருந்தது. சயனிடின் கிளைக்கோசைடைப் போல நான்கு மடங்கு நிறையுள்ள டெர்னேட்டின் ஏ1 அதைவிட எளிதாக உட்செல்லும் என எதிர்பார்க்க இயலாது. எனவே ஆய்வுக்குழாயில் சோதிக்கப்பட்ட மூலக்கூறும் திசுக்களை அடையும் மூலக்கூறும் ஒன்றல்ல.

ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களை மிகுந்த அளவில் கொடுத்தால் நன்மையே விளையும் என்னும் எண்ணம் ஏற்கெனவே ஒருமுறை பெரும் சோதனைக்கு உள்ளானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994 இல் முடிவு வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக ஏற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் பீட்டா கரோட்டினும் உயிர்ச்சத்து ஏயும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதலாக இருந்ததால் அவ்வாய்வு 1996 இல் திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டது. பீட்டா கரோட்டின் சங்குப்பூவில் உள்ள சேர்மங்களோடு வேதியியலில் தொடர்புடையதன்று. ஆயினும் ஆய்வுக்குழாயிலும் உணவுக் கணக்கெடுப்புகளிலும் நன்மை தருவதாகத் தோன்றிய ஒரு பொருள் மனிதர்க்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை இவ்வாய்வுகள் காட்டின. புகைபிடிப்போரும் புற்றுநோய் மருத்துவம் பெறுவோரும் செறிவூட்டிய சாறுகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது என அறிவுறுத்தப்படுவதன் பின்னணி இதுவே.

பாதுகாப்பும் ஒழுங்குமுறையும்

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமியாக ஏற்றது. 2025 இல் மேலும் சில உணவு வகைகளுக்கு அவ்வேற்பு விரிவாக்கப்பட்டது. இந்த ஒப்புதல் நிறத்துக்கு உரியது. உடல்நலப் பயன் எதனையும் அது ஏற்கவில்லை. இவ்வொப்புதலை மருத்துவப் பயனுக்குச் சான்றாகக் காட்டும் விளம்பரங்கள் உண்மைக்கு மாறானவை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலை வேறு. உலர்ந்த சங்குப்பூவைப் பாரம்பரிய உணவாக அங்கு விற்கக் கோரியபோது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 இல் பாதுகாப்பு குறித்த எதிர்ப்பைத் தெரிவித்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை சைக்குளோட்டைடுகள் என்னும் வட்ட வடிவச் சிறு புரதங்களாகும். இவை ஏறத்தாழ 30 அமினோ அமிலங்களைக் கொண்டவை. இரு முனைகளும் இணைந்து வளையமாகி, மூன்று டைசல்பைடு பிணைப்புகளால் முடிச்சிடப்பட்டிருப்பதால் கொதிநீரில்கூட எளிதில் சிதையா. பட்டாணிக் குடும்பத்தில் சைக்குளோட்டைடுகள் இருப்பது 2011 இல் சங்குப்பூவிலேயே முதலில் கண்டறியப்பட்டது.

இப்புரதங்களின் வரலாறு சங்குப்பூவோடு தொடர்பற்ற ஓரிடத்தில் தொடங்குகிறது. காபிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியைக் கொதிக்க வைத்துப் பிள்ளைப்பேற்றை விரைவுபடுத்தப் பெண்கள் பருகுவதைக் காங்கோவில் பணிபுரிந்த நார்வே மருத்துவர் லோரன்சு கிரான் கண்டார். அதிலிருந்து கருப்பையைச் சுருங்கச் செய்யும் சைக்குளோட்டைடு பின்னர் பிரிக்கப்பட்டது. சங்குப்பூவின் சைக்குளோட்டைடுகள் அதே இனத்தைச் சேர்ந்தவை என்பதால், கருவுற்ற பெண்கள் செறிந்த சங்குப்பூச் சாறுகளைத் தவிர்ப்பது முன்னெச்சரிக்கையாகும். சோற்றுக்கு நிறமூட்ட இடும் ஓரிரு பூக்களும், பொடியாகவும் குளிகையாகவும் விற்கப்படும் செறிவூட்டிய சாறும் அளவில் பெரிதும் வேறுபடுகின்றன. விதையும் வேரும் மரபு மருத்துவத்தில் பேதி மருந்தாகப் பயன்பட்டவை. ஆகவே இதழ்ச்சாற்றைக் குறித்த ஆய்வுகளை அவற்றுக்குப் பொருத்தலாகாது.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் இச்சாற்றை மருந்துக்கு மாற்றாகக் கொள்வது ஆபத்தானது. மேற்கூறிய ஆய்வுகளுள் எதுவும் அதற்கு இடமளிக்கவில்லை.

பெயர்க் குழப்பம்

ஆயுர்வேத நூல்களில் நினைவாற்றலுக்கு உரியதாகக் கூறப்படும் சங்கபுட்பி என்னும் மூலிகை எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வட இந்தியாவில் பெரும்பாலும் கான்வோல்வுலசு இனத்தைச் சேர்ந்த செடி அப்பெயரால் வழங்குகிறது. வேறு சிலர் விட்டுணுகிராந்தியைக் கொள்கின்றனர். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், சங்குப்பூ அப்பெயரோடு இணைக்கப்பட்டுள்ளது. முதலிரண்டும் பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. அவற்றில் டெர்னேட்டின்களும் இல்லை. சங்கபுட்பிச் சாறு எனக் குறிப்பிடும் ஓர் ஆய்வை அல்லது மருந்துக் குப்பியைக் கண்டால் அதன் தாவரவியற் பெயரைப் பார்த்தே எத்தாவரம் என முடிவு செய்ய வேண்டும். மணிப்பாலில் 2000களின் தொடக்கத்தில் எலிக்குட்டிகளின் கற்றல் திறனைக் குறித்து நடந்த ஆய்வுகள் சங்குப்பூவின் வேர்ச்சாற்றைக் கொண்டவை. இதழ்த் தேநீருக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது இன்னொரு வகைக் குழப்பமாகும்.

பிற பயன்பாடுகள்

சங்குப்பூவின் சைக்குளோட்டைடுகள் பூச்சிகளுக்கு எதிரான தாவரத்தின் காப்பாகும். ஆத்திரேலியாவில் இத்தாவரத்தின் சாற்றைக் கொண்டு பருத்திப் பூச்சிகளுக்கு எதிரான பூச்சிக்கொல்லி ஒன்று உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளது. இப்புரதங்களை வளையமாக்கும் நொதியைச் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் சங்குப்பூவின் காயிலிருந்து பிரித்தெடுத்தனர். மலாய் மொழியில் இம்மலருக்கு வழங்கும் புங்கா தெலாங் என்னும் பெயரை ஒட்டி அதற்குப் பியூட்டலேசு 1 எனப் பெயரிட்டனர். புரதத் துண்டுகளை மிக விரைவாக இணைக்கும் ஆற்றலால் இந்நொதி மருந்தாக்க ஆய்வுகளில் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது.